காலையில் என்ன டிபன்?

"லைன் கிளியர் பெற்றவரே அதைத் திருப்பித் தர வேண்டும். அவரால் இயலாத நிலையில், அவருடைய மேலதிகாரி பணியிடத்தை நேரில் பார்வையிட்டு, ஆட்களும் கருவிகளும் முழுமையாக அகற்றப்பட்டதை உறுதிசெய்த பின்னரே திருப்பித் தரலாம்."

பாதுகாப்பு விதிகளில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேட வேண்டாம். பயிற்சி வகுப்பில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடத்துவார்கள். நீங்கள் எல்லோரும் தலையாட்டிக்கொண்டே தூங்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் படித்தேன். அழகாக எழுதப்பட்ட விதி. இதை எழுதியவர் ஆடி மாதத்தில் கொள்ளிடத்தைப் பார்த்ததில்லை என்பது மட்டும்தான் என் வருத்தம்.

புதிதாக ஷிப்டுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு சுருக்கமான விளக்கம். உயரழுத்த லைனில் ஒருவர் ஏறி வேலை செய்ய வேண்டும் என்றால், துணை மின் நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நாம் அந்த லைனை நிறுத்தி, அதன் இரண்டு முனைகளையும் மண்ணோடு இணைத்துவிட்டு, "இனி இது உங்களுடையது" என்று அவர் பெயருக்குக் கொடுக்கிறோம். அதுதான் லைன் கிளியர். அவர் அதைத் திருப்பித் தரும்வரை அந்த லைனில் மின்சாரம் விட யாருக்கும் உரிமை இல்லை. அமைச்சர் கேட்டாலும் கிடையாது. பெருமாளே கேட்டாலும் கிடையாது. நான் இருபது வருடங்களுக்கு மேல் ஷிப்டு பார்த்த இடம் ஸ்ரீரங்கத்துக்கு எதிரே கொள்ளிடத்தின் வடகரையில் என்பதால், பெருமாள் கேட்பதற்கான வாய்ப்பு எங்களுக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகம்.

என்னை வேலையில் பழக்கிய அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் சொல்லவில்லை. அவர் காலத்தில் ஒரே பிரிவில் அண்ணனும் தம்பியும் வேலை பார்த்தார்கள். இருவருக்கும் குரல் அச்சு அசல் ஒன்று. ஒருநாள் அண்ணன் லைன் கிளியர் வாங்கினார். தம்பி போன் செய்து, "முடிஞ்சுதுங்க" என்று சொன்னார். அவர் சொன்னது அவருடைய வேறொரு வேலையைப் பற்றி. அதிகாரி நம்பி மின்சாரம் விடப் போனார். நல்லவேளையாக அன்று லைனை இணைக்கும் பிரேக்கர் மூடவில்லை, இயந்திரக் கோளாறு. அந்தப் பழைய பிரேக்கரை எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தபோது, அதிகாரி மட்டும் அதன் பக்கத்தில் போய் நின்று கும்பிட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு அவர் யார் குரலையும் நம்புவதில்லை. லைன் கிளியர் கொடுக்கும்போது எதிராளியிடம் ஏதாவது ஒரு கேள்வி கேட்பார். திரும்ப வாங்கும்போது அதையே மறுபடி கேட்பார். அவர் என்ன சினிமா பார்த்தாய் என்று கேட்பார். எனக்குச் சினிமா ஞானம் போதாது. நான் டிபன் கேட்டேன்.

இதற்காக எங்கள் மின் வட்டம் முழுக்க என்னை 'டிபன் மேடம்' என்று அழைத்தார்கள். என் காது கேட்கவே அழைத்தார்கள். சீனியர்கள் சிலர் வேண்டுமென்றே சிக்கன் பிரியாணி என்று சொல்லி, அன்று ஏகாதசி என்பதையும் ஞாபகப்படுத்துவார்கள். நான் அசரவில்லை. இட்லி என்று மட்டும் சொன்னால் ஏற்கமாட்டேன். எத்தனை, தொட்டுக்க என்ன என்பதுவரை வேண்டும்.

இனி அந்த ஆடிப்பெருக்கு நாளுக்கு வருகிறேன்.

ஸ்ரீரங்கம் தீவுக்கு இரண்டு பெரிய லைன்கள். ஒன்று எங்கள் நிலையத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டிப் போகிறது. இன்னொன்று காவிரிப் பக்கம் தெற்கேயிருந்து வருகிறது. கொள்ளிடத்து மணலில் நிற்கும் டவர் ஒன்றில் கம்பியைத் தாங்கும் பீங்கான் வட்டுகள் உடைந்திருந்தன. காற்று பலமாக அடித்தால் கம்பியே விழுந்துவிடும். காவிரியில்தான் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, கொள்ளிடம் காய்ந்து கிடந்தது. உபரி நீர் திறந்தாலும் சாயந்திரத்துக்கு முன் டவர் அருகே வராது என்பது கணக்கு. அதை நம்பிக் காலையிலேயே குழு இறங்கியது. ஒரு ஜீப், ஒரு டிராக்டர்.

லைன் கிளியர் வாங்கியவர் உதவிப் பொறியாளர் பாஸ்கர். திருவெள்ளறையில் விவசாயக் குடும்பம், துவாக்குடியில் படித்தவர், கல்யாணமாகி முதல் ஆடி. ஸ்பீக்கரில் போட்ட போனில், "என்ன டிபன்?" என்றேன்.

"நேத்து வாங்குன பரோட்டா மேடம். மிச்சம் இருந்துச்சு. ஆடின்னு சொல்லி அவளை அவங்க அம்மா வீட்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க. நான் என்ன பண்றது?"

பக்கத்தில் இருந்த என் ஆபரேட்டர் ரஹீம் சத்தமாகச் சிரித்தார். ரஹீம் பாலக்கரைக்காரர். அவர் வாப்பா அங்கே கடை வைத்திருந்தவர், அதனால் எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் பேசுவார். "பதினெட்டாம் பெருக்கு அன்னிக்குப் பழைய பரோட்டா. உங்க வீட்டு ஆளுங்களுக்குத் தெரிஞ்சா சேர்த்துக்க மாட்டாங்க சார்" என்றார்.

உச்சி வெயில் சாயத் தொடங்கியபோது தெற்குப் பக்கத்து லைன் டிரிப் ஆகி நின்றது. ஆடிக் காற்று யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்து விழாவின் ஃப்ளெக்ஸைப் பிய்த்துக் கொண்டுபோய்க் கம்பியில் போர்த்திவிட்டது. குழந்தையின் சிரித்த முகம், தாய்மாமன்களின் கூப்பிய கைகள் எல்லாம் நூற்றுப் பத்து கே.வி.யில் தொங்கின. ஒரு லைன் ஃப்ளெக்ஸில் மாட்டியாயிற்று, இன்னொன்று லைன் கிளியரில் இருக்கிறது. தீவு முழுக்க மின்சாரம் போய்விட்டது. காவிரிக் கரை அம்மா மண்டபத்தில் படித்துறை கொள்ளாத கூட்டம். ஆற்றில் நீர் ஏறிக்கொண்டிருப்பதால் மேலே ஏறச் சொல்லி ஓயாமல் கத்திக்கொண்டிருந்த காவல்துறை மைக் அப்படியே நின்றது.

எங்கள் கண்ட்ரோல் ரூமில் எத்தனை போன் இருக்கிறதோ அத்தனையும் ஒரே நேரத்தில் அடித்தன. அந்தச் சத்தத்தைக் கேட்டால் உங்களில் சிலருக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். சிலருக்கு முதுகு தானாக நிமிரும். எனக்கு நிமிர்ந்தது. இதற்காகத்தானே இத்தனை வருடம் ஒன்றும் நடக்காத திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

முதலில் எடுத்த போனில் லைன் இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜ். பாஸ்கரின் குழுவில் மூத்தவர். மூச்சு வாங்கியது. கொள்ளிடத்தில் தண்ணீர் கணக்குக்கு முன்னால் வந்துவிட்டது, வேலை முடிந்ததும் முடியாததுமாக எல்லோரும் ஓடிவந்து கரையேறிவிட்டார்கள், வடகரையில் நிற்கிறார்கள் என்றார். பிறகு சொன்னார்.

"லைன் கிளியர் ரிட்டர்ன் மேடம். ஆளுங்க, சாமான் எல்லாம் வந்தாச்சு. நீங்க சார்ஜ் பண்ணிக்கலாம்."

"பாஸ்கர் எங்க?"

"சார் முன்னாடியே ஜீப்ல வந்துட்டாருங்க. என்னையத்தான் சொல்லச் சொன்னாரு."

இந்த 'சொல்லச் சொன்னாரு' நம் துறையில் தினமும் புழங்குவது. யாரும் பொய் என்று நினைத்துச் சொல்வதில்லை. அதிகாரி வாங்குவார், இன்ஸ்பெக்டர் திருப்பித் தருவார். எழுதும்போது அதிகாரி தந்ததாக எழுதிக்கொள்வோம். எல்லோரும் இப்படிச் செய்கிறார்கள் என்பது மட்டும் விதியாக இருந்தால், நம் துறையில் யாரும் விதி மீறியதே இல்லை.

"சரிங்க. காலைல என்ன டிபன்?"

"மேடம், இப்பப் போயி..."

"சொல்லுங்க."

"எலுமிச்சம் சோறு, தேங்காய்ச் சோறு. எங்க வீட்ல கட்டிக் குடுத்தாங்க."

"அது உங்க டிபன். அவரோடதைக் கேக்குறேன். போனை அவர்கிட்டக் குடுங்க."

ஜீப் கொஞ்சம் தள்ளி நிற்கிறது, போய்க் கொடுக்கிறேன் என்றார். நான் இன்னொரு போனில் பாஸ்கரை அழைத்தேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. என் கை பிரேக்கர் சாவிக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. அந்தச் சாவியை எடுத்து மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

அடுத்த போன் செயற்பொறியாளர். ஆடிப்பெருக்கு ஏற்பாடுகளுக்காகக் காலையிலிருந்தே திருவானைக்காவலில் இருந்தார். கெட்டிக்காரர், கோபக்காரர், எங்கள் எல்லோரையும் பேர் சொல்லித் திட்டுமளவு உரிமை எடுத்துக்கொள்பவர். கோவிந்தராஜ் சொன்னது அதற்குள் அவர் காதுக்குப் போய்விட்டது.

"என்னம்மா, லைன் ரிட்டர்ன் ஆயிருச்சாமே. இன்னும் என்ன பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

"பாஸ்கர் தரல சார்."

"கோவிந்தராஜ் தந்துட்டாருல்ல. எத்தனை வருஷ சர்வீஸ் அந்த ஆளு? நம்பிக்கை இல்லையா?"

"அவரு காலைல என்ன சாப்பிட்டாருன்னு சொன்னாரு சார். பாஸ்கர் என்ன சாப்பிட்டாருன்னு சொல்லல."

பிறகு அவர் பேசியதை நான் இங்கே எழுதவில்லை. சாரம் இதுதான். அங்கே ஆயிரக்கணக்கான ஜனம் ஆற்றில் நிற்கிறது, மைக் இல்லை. ஆஸ்பத்திரியில் ஜெனரேட்டர் இருமிக்கொண்டிருக்கிறது. ஏதாவது ஒன்று நடந்தால் பரோட்டாவையா காட்டுவீர்கள்? கேள்வி நியாயமானது. ஆனால் கேள்வியில் பலம் இருப்பதற்காக டவரில் ஆள் இல்லாமல் போய்விடாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். முடியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவது எளிது. விதி தெரிந்தவர்கள் பலர் அதோடு நின்றுவிடுவார்கள். நான் ஒரு காதில் அவரைக் கேட்டுக்கொண்டே ரஹீமுக்கு எழுதிக் காட்டினேன்: முப்பத்து மூன்று. தெற்குக் கரை நிலையத்திலிருந்து தீவுக்கு ஒரு முப்பத்து மூன்று கே.வி. லைன் உண்டு. எப்போதும் திறந்தே கிடக்கும். தீவு முழுவதையும் அது தாங்காது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் முக்கியமானவற்றைத் தாங்கும். ரஹீம் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இன்ஷா அல்லாஹ் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே தெற்குக் கரையை அழைத்தார். முதலில் படித்துறைப் பகுதி. அது தாங்கியது. பிறகு ஆஸ்பத்திரி. தாங்கியது. பிறகு குடிநீர் மோட்டார்களில் பாதி. மீட்டர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு அங்கேயே நடுங்கிக்கொண்டிருந்தது. குளிர்சாதன அறை லாட்ஜுகள் காத்திருக்கட்டும் என்று விட்டோம். அவர்களில் ஒருவர் எப்படியோ எங்கள் நம்பரைக் கண்டுபிடித்து, நாங்கள் பக்தர்களுக்கு விரோதிகள் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

படித்துறை மைக் மறுபடி கத்த ஆரம்பித்தது செயற்பொறியாளரின் போன் வழியாகவே எனக்குக் கேட்டது. அவருடைய குரல் ஒரு படி இறங்கியது. ஆனால் மீதித் தீவு மின்சாரமில்லாமல்தான் இருந்தது. அந்தச் சின்ன லைனும் எந்த நேரமும் போகலாம்.

"சரி, மிச்சத்துக்கு என்ன வழி?"

"விதிப்படி பாஸ்கரோட மேலதிகாரி நேர்ல பார்த்துட்டு ரிட்டர்ன் பண்ணலாம் சார். நீங்க இருக்கிற இடத்துலேர்ந்து கொள்ளிடம் பாலம் பக்கம்தானே?"

"எனக்கே வேலை வைக்கிறீங்களா?"

"நான் வைக்கல சார், விதி வைக்குது."

"வரேன். பார்த்து நானே ரிட்டர்ன் பண்றேன். அதுக்கப்புறம் உங்களுக்கு மெமோ வரும், ரெடியா இருங்க."

வைத்துவிட்டார். கோவிந்தராஜிடமிருந்து போன் வரவில்லை. தெற்கு லைனில் ஃப்ளெக்ஸை எடுக்கப் போனவர்கள், தாய்மாமன்கள் கம்பியில் நன்றாகச் சுற்றிக்கொண்டார்கள், நேரமாகும் என்றார்கள். ரஹீம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவிழ்ந்து கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஸ்கர் ஜீப்பில் ஏறி எங்காவது டீ குடித்துக்கொண்டிருந்தால் நான் மொத்த வட்டாரத்துக்கும் கேலிப்பொருள். இந்த வேலையில் நீங்கள் பழக வேண்டியது அந்த ஆசைதான்: நாம் முட்டாளாகிவிட வேண்டும் என்ற ஆசை. அன்று அப்படித்தான் மனதார வேண்டிக்கொண்டேன்.

பிறகு கோவிந்தராஜின் போன் வந்தது. குரல் வேறாக இருந்தது. ஜீப்பில் வந்தவர்கள் பாஸ்கர் டிராக்டரில் வருகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். டிராக்டரில் வந்தவர்கள் ஜீப்பில் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறார்கள். இரண்டு வண்டியிலும் அவர் இல்லை. அதைச் சொல்லி முடிப்பதற்குள் மற்ற போன் அடித்தது. செயற்பொறியாளர் பாலத்தின் மேலிருந்து பேசினார். அவரிடம் அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டிராத மெதுவான குரல்.

"ஏம்மா. சார்ஜ் பண்ணிடாதீங்க. அவன் மேலதான் இருக்கான்."

டவரைச் சுற்றி எல்லாப் பக்கமும் செம்மண் நிறத்தில் தண்ணீர். டவரின் மேல் குறுக்குக் கையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு ஒரு ஆள் கம்பியை ஒட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நடந்தது பிறகுதான் தெரிந்தது. வேலை நடக்கும் இடத்தில் கம்பியை மண்ணோடு இணைக்க மாட்டியிருந்த எர்த் ராடுகளை எடுக்காமல் லைனைத் திருப்பித் தர முடியாது. தண்ணீர் வருகிறது என்று ஆட்களை இறக்கி அனுப்பிவிட்டு, பாஸ்கர் அவற்றைக் கழற்ற மறுபடி ஏறியிருக்கிறார். அப்போது செல்போன் சட்டைப் பையிலிருந்து நழுவி ஆற்றுக்குப் போய்விட்டது. கடைசி ராடைக் கையில் பிடித்திருந்த நேரத்தில்தான் பாலத்தில் இருந்த செயற்பொறியாளர் அவரைப் பார்த்திருக்கிறார். கோவிந்தராஜின் பேச்சை நம்பி நான் பிரேக்கரை மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். நான் விளக்க வேண்டியதில்லை.

"சரிங்க சார்" என்றேன். ரஹீம் எழுந்துபோய் அந்த பிரேக்கரின் பேனலில் 'ஆள் வேலை செய்கிறார்' பலகை சரியாகத் தொங்குகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு கொள்ளிடத்தில் நடந்ததைப் போனில்தான் கேட்டோம், கிரிக்கெட் வர்ணனை கேட்பதுபோல. தீயணைப்புப் படகு வந்தது. நீரின் இழுப்பில் முதல்முறை டவரைத் தாண்டிப் போய்விட்டது. இரண்டாம் முறை ஆற்றின் மேல்பக்கமிருந்து படகை வளைத்து இறக்கினார்கள். மீன்பிடிக்கும் இருவர் பரிசலில் கயிற்றோடு பின்னால் போனார்கள். செயற்பொறியாளர் பாலத்தில் நின்று ஆற்றின் இரைச்சலுக்கு மேலே, "மெதுவா, மெதுவா இறங்குடா" என்று கத்திக்கொண்டிருந்தார். படகில் இருந்தவர்களுக்கு அது கேட்டிருக்காது. எங்களுக்குக் கேட்டது. ரஹீம் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து, கடைசியில் பாதி நாற்காலியில்தான் இருந்தார். பாஸ்கர் கயிற்றைப் பிடித்ததும் இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றோம். எழுந்தபோது என் நாற்காலி பின்னால் விழுந்தது. அதை நிமிர்த்தி வைக்கக்கூடத் தோன்றவில்லை.

கரையேறியதும் செயற்பொறியாளர் தன் போனை நீட்டிய சத்தம் கேட்டது. "இந்தா, பேசு. டிபன் கேக்காம விடமாட்டாங்க."

"மேடம்" என்றார் பாஸ்கர். பல் தந்தியடித்தது.

"காலைல என்ன டிபன்?"

"பரோட்டா மேடம். நேத்துது." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "இனிமே தொட மாட்டேன். ஆளுங்க எல்லாரும் வந்தாச்சு, ராடு மூணும் என் கையில இருக்கு. லைன் கிளியர் ரிட்டர்ன்."

ரஹீம் பையிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். பிரேக்கர் மூடிய அந்தச் சத்தம், அடுத்த நொடி மீட்டர் முள் எழுந்து நின்றது, ஸ்ரீரங்கம் பக்கத்திலிருந்து 'வந்துருச்சு' என்று யாரோ போனில் சொன்னது. ஓய்வு பெற்றுவிட்டேன், அந்தச் சத்தத்தை நினைத்தால் இன்னும் என் முதுகு நிமிர்கிறது. இந்த வேலையில் அலுப்புதான் அதிகம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்புங்கள். ஆனால் எப்போதாவது ஒருமுறை வரும் அந்த நிமிடத்தைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டுவிட்டார் என்பதையும் சேர்த்து நம்புங்கள்.

மெமோவும் வந்தது. செயற்பொறியாளர் அனுப்பியது இல்லை. அவர் அனுப்புவதாகச் சொன்னதையே மறந்துவிட்டார். அதற்கும் மேலே, தீவுக்கு மின்வழங்கல் தாமதமானதற்குக் காரணம் கேட்டு வந்தது. முதல் கேள்வி: லைன் திருப்பித் தரப்பட்டதாகத் தகவல் கிடைத்த பின்னும் மின்னூட்டம் செய்யாதது ஏன்? இரண்டாவது கேள்வி: பணியில் உள்ள அலுவலரின் காலை உணவு குறித்து எந்த விதியின் கீழ் விசாரிக்கப்பட்டது?

முதல் கேள்விக்கு, இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் உள்ள விதியை வார்த்தை மாறாமல் எழுதினேன். இரண்டாவது கேள்விக்கு, எந்த விதியின் கீழும் விசாரிக்கவில்லை என்று எழுதினேன். அப்படி ஒரு விதி செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன். டிபன்தான் வேண்டும் என்பதில்லை, சினிமாவும் போதும் என்றும் சேர்த்தேன். அந்தக் கடிதத்தைச் செயற்பொறியாளர் தன் சிபாரிசோடு மேலே அனுப்பினார். சிபாரிசில் என்ன எழுதினார் என்று கேட்டதற்கு, "உங்க டிபன் என்னன்னு மட்டும் எழுதல" என்றார்.

அதன்பின் மௌனம். ஆடி வந்தது, போனது, மறுபடி வந்தது. கோவிந்தராஜ் யாருக்காகவும் 'சொல்லச் சொன்னாரு' என்று சொல்வதை விட்டுவிட்டார். லைன் திருப்பித் தர வேண்டுமென்றால் அதிகாரியின் கையைப் பிடித்து இழுத்துவந்து போனில் நிறுத்துவார். செயற்பொறியாளர் மாறுதலாகிப் போனார். என் ஓய்வு விழாவில் எனக்கு ஒரு தட்டில் பரோட்டாவை வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பதில் வரவில்லை.

பிறகு ஒருநாள் சமயபுரத்தில் ஒரு மண்டபத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பாஸ்கரின் மகளுக்குக் காதுகுத்து. அவள் அந்த ஆடிக்கு அடுத்த வருடம் பிறந்தவள். மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் இல்லை. தாய்மாமன்கள் கோபித்துக்கொண்டும் பாஸ்கர் கட்டவிடவில்லை. உள்ளே மாமன் மடியில் அவள் போட்ட அலறல் பந்திவரை கேட்டது. பரிமாறிக்கொண்டிருந்த பாஸ்கர் வாளியை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். அப்போது என் போன் அடித்தது. ரஹீம், ஷிப்டிலிருந்து.

"மேடம், உங்க பேப்பருக்குப் பதில் வந்திருக்கு. படிக்கவா?"

"படிங்க."

"அதுக்கு முன்னாடி, காலைல என்ன டிபன்?"

சொன்னேன். இட்லி மூன்று, தக்காளிச் சட்னி. திருப்தியானதும் படித்தார். விளக்கம் ஏற்கப்பட்டது, மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது. இனி லைன் கிளியர் வழங்கும்போதும் திரும்பப் பெறும்போதும் இரு தரப்புக்கும் மட்டுமே தெரிந்த ஒரு கேள்வியும் பதிலும் கட்டாயம். கேள்வி எதைப் பற்றியது என்பதைப் பணியில் உள்ளவரே முடிவு செய்துகொள்ளலாம்.

உள்ளே அலறல் நின்று, யாரோ கொடுத்த மிட்டாய்க்கு அவள் சிரிக்கும் சத்தம் வந்தது. ஆடிக் காற்று இல்லாத தை மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.